சம்பந்தியம்மாவின் தப்புத் துணி

மருமகள் அந்தத் துணிச் சுருளை என் மடியில் வைத்தபோது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற துணியோ என்றுதான் முதலில் நினைத்தேன். வெறும் காடாத் துணி, ஒரு சாண் அகலம், நடுவில் பழைய நாடாவால் ஒரு கட்டு. அவிழ்த்து விரித்தால் எங்கள் முகப்பேர் ஃப்ளாட்டின் வாசற்கதவில் தொடங்கி, ஹாலைத் தாண்டி பால்கனி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிப் பாதி தூரம் வருகிறது. அதன்மேல் வரிசையாகக் கோணல் பின்னல், சாயம் வழிந்த திட்டு, பாதியில் உதிர்ந்த கண்ணாடிச் சில்லு, தலை எது வால் எது என்று தெரியாத ஒரு மயில். ஒவ்வொன்றுக்கும் கீழே நூலாலேயே ஒரு தேதி. இதற்குச் சம்பந்தியம்மா வைத்த பெயர் தப்புத் துணி. புதிதாக ஒரு கைவேலையைத் தொட்டால் முதலில் கெட்டுப்போவதை அவர் தூக்கிப் போட மாட்டார். ஒரு துண்டு வெட்டி இதில் வைத்துத் தைத்து, தேதி போட்டுச் சுருட்டிவிடுவார். சுருளின் நடுவில் ஓரிடத்தில், அந்த மலிவுத் துணிக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், பச்சைக் கரை வைத்த அரக்குப் பட்டில் ஒரு ஜாக்கெட் கை இருக்கிறது. கீழே தேதி, 'வியாழன்' என்று கிழமை. சுருள் என் கைக்கு வந்த அன்றைக்குப் பெயர் இல்லை. அதைக் கெடுத்தது யார் என்பது அதுவரைக்கும் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த மூவரில் ஒருவர் இப்போது இல்லை.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லவும் எனக்குப் பிடிக்கும். நான் கள்ளிக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். நாலாவதை இரண்டு தடவை படித்ததையும் சேர்த்தால் ஆறு வருஷப் படிப்பு. பதினைந்து வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனேன். இரண்டே வருஷத்தில் மெஷினில் உட்கார்ந்தேன். காலர் மெஷின். பதினோரு வருஷம் காலர் தைத்தேன். காலர் என்றால் சாதாரணம் இல்லை. சட்டையைப் பார்க்கிற கண் முதலில் போய் விழுகிற இடம் அதுதான். நடுவில் மடித்தால் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அரை நூல் விலகினாலும் போட்டவன் முகமே கோணலாகத் தெரியும். என் கையில் அது விலகியதில்லை. பனி கொட்டுகிற ஊர்களிலெல்லாம் எவனெவனோ என் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறான். பிறகு சூப்பர்வைசர் ஆனேன். பிறகு கடன் வாங்கி நாலு மெஷின் போட்டேன். இன்றைக்கு அறுபது மெஷின் ஓடுகிறது. பையன் பார்த்துக்கொள்கிறான். ஐந்தாவது படித்தவன் வைத்த கம்பெனியில் டிகிரி படித்தவர்கள் வந்து வேலை கேட்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் வாழ்நாளில் நான் ஒரு முழுச் சட்டை தைத்தது கிடையாது. ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை அப்படித்தான். வெட்டுகிறவன் தனி. ஒருத்தி பாக்கெட், ஒருத்தி கை, ஒருத்தன் தோள்பட்டை, ஒருத்தன் காலர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்போம். துணி ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் சட்டையாக விழும்போது அதை யார் தைத்தது என்று கேட்டால் எல்லோரும்தான், யாரும் இல்லைதான். சூப்பர்வைசர் ஆன பிறகு எல்லா மெஷினுக்கும் பின்னால் நின்று குறை சொல்லக் கற்றுக்கொண்டேன். வெட்டி, இணைத்து, ஒரு உடம்புக்கு ஒரு துணியை முழுசாகத் தைக்கிறது மட்டும் எனக்கு வரவே இல்லை. வெளியே சொல்ல முடியுமா? பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "நீங்க போட்டிருக்கிற சட்டை நல்லா இருக்கே" என்று மாமனார் சொல்ல, "நானே தைத்தது" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள் காதில் அது விழுந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடு என்று அவள் எப்போது கேட்டாலும், "நேரம் எங்கமே கீது?" என்று தப்பித்துவிடுவேன். கம்பெனியைப் பையனிடம் கொடுத்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஹால் ஜன்னலோரம் உறை போட்டு வைத்திருந்தேன். அதன்மேல் பேப்பர் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

பேத்திக்குக் காது குத்து வைத்த வாரம்தான் சம்பந்தியம்மா வந்து எங்கள் வீட்டில் தங்கினார். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஆவடியில் தனியாக இருந்தார். பெண் கொடுத்த வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு. என் மருமகள் லேப்டாப்பும் காதில் மாட்டிய கருவியுமாக அறைக்குள்ளேயே வேலை பார்க்கிறவள்; விசேஷ வேலைக்கு ஆள் வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒரு வாரத்துக்குச் சம்மதிக்க வைத்தாள். திங்கட்கிழமை காலை ஆட்டோவிலிருந்து இரண்டு பையோடு இறங்கினார். ஒரு பையில் என் வீட்டுக்காரிக்குச் சீராகக் கொண்டுவந்த அரக்குப் பட்டுப் புடவை, பச்சைக் கரை, தட்டு, பழம். இன்னொரு பை நிறைய நூலும் ஊசியும் சாயப் பொட்டலமும். அதன் மேலாக இந்தச் சுருள்.

"எனக்கு சும்மா உக்கார வராது அண்ணா. ஒரு வாரம் லீவு மாதிரி. தினம் ஒரு புது வேலை கத்துக்கப் போறேன். செல்லுல பாத்து வெச்சிருக்கேன்" என்றார்.

"கத்துக்கினு? எதுனா விக்கப் போறீங்களா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"நான் பண்றத யாரு வாங்குவா? ஆபீசுல இருந்த வரைக்கும் தப்பு பண்ணா மெமோ குடுப்பாங்க. இப்ப யாரு குடுக்கப் போறா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் மூக்குக் கண்ணாடி கீழே இறங்கிவிடும். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் கறுப்புக் கயிறு அதைப் பிடித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை சாயம். என்னுடைய பழைய வெள்ளைத் துண்டில் அங்கங்கே கடலைப் பருப்பை வைத்து நூலால் முடிச்சுப் போட்டு, பாத்ரூம் பக்கெட்டில் முக்கினார். அவிழ்த்தால் வட்ட வட்டமாகப் பூ வர வேண்டுமாம். அவிழ்த்தபோது பூவும் இல்லை, வட்டமும் இல்லை. யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல ஒரே சிவப்பு. பருப்பு ஊறிப் பெருத்திருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தொழிலில் ஒரு சொட்டுச் சாயம் அடுத்த துணியில் பட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். தப்புத் தையல் என்றால் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், பிரிக்க முடியாதது என்றால் கழித்துக்கட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம். இந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கெட்டுப்போனதிலேயே படு மோசமான மூலையை வெட்டியெடுத்துச் சுருளில் வைத்துத் தைத்தார். "தப்பு வந்தா தூக்கிப் போடக் கூடாதுண்ணா. தேதி போட்டு வெக்கணும்" என்றார். வயதானவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவரைவிட நான் நாலு வயது மூத்தவன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கொக்கி ஊசியால் பின்னல். டம்ளர் வைக்க வட்டமான விரிப்பு என்று ஆரம்பித்தார். வட்டம் படியாமல் ஓரமெல்லாம் மேலே எழும்பிக் கிண்ணமாகிவிட்டது. என் வீட்டுக்காரி அதை எடுத்துச் சொம்புக்குக் குல்லாவாகக் கவிழ்த்து, "அக்கா, இதுக்குத் தலைதான் சரியா கீது" என்றாள். இரண்டு பேரும் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் சிரித்தார்கள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குள் ஒரு பழைய ஆள் முணுமுணுத்தான். பிள்ளையைப் பெற்றவன் என்ற மிடுக்கோடு நான் பேப்பரைப் பிரித்தேன். சம்பந்தியம்மா அந்த மிடுக்கைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கவனித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருந்தார் என்று பிற்பாடு புரிந்தது.

புதன்கிழமை சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி கிளம்பிச் சங்கிலிபோல் போகும். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சம்பந்திம்மா, ஒரு தையலுக்கு இத்தினி நேரமா? எங்க மெஷின்ல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு காலரே முடிஞ்சிடும்" என்றேன். "அவசரமா எங்க போகப் போறோம்ணா? இந்தாங்க" என்று ஊசியை நீட்டினார். மறுக்க முடியவில்லை. நாலு கண்ணி போட்டேன். நாலும் நாலு அளவு. ஐந்தாவது போடும்போது சமையல்கட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாக்கா, இவரப் போயி ஒக்கார வெச்சிகினு கீறீங்க! ஊருக்கெல்லாம் தெச்சிக் குடுத்த மனுசன். கட்டிகினு வந்த நாளா எனக்கு ஒரு ஜாக்கெட்டு தெச்சித் தந்தாரா, கேளுங்க."

"அதுக்கின்னா, தெச்சிட்டா போச்சி" என்றேன். சம்பந்தி எதிரில் வேறு என்ன சொல்வது?

அவள் விடவில்லை. பீரோவைத் திறந்து அரக்குப் புடவையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணியை வெட்டியெடுத்து, தன்னுடைய அளவு ஜாக்கெட்டையும் அதன்மேல் வைத்து மெஷின்மேல் வைத்தாள். "ஞாயித்துக்கெழம காது குத்துக்கு இதத்தான் போட்டுக்குவேன். டைலர்கிட்ட போவ மாட்டேன். பாக்கலாம்" என்றாள். பட்டுப் புடவையோடு வருகிற ஜாக்கெட் துணி ஒன்றே ஒன்றுதான். கெட்டால் அதே நிறத்தில், அதே கரையில் இன்னொன்று கடையில் கிடைக்காது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட ஒரு வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்துக்கொண்டு வந்து நின்றது.

மறுநாள் வியாழக்கிழமை என் வீட்டுக்காரி சென்னீர்குப்பத்தில் தங்கச்சி வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனாள். சம்பந்தியம்மா பால்கனியில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தொட்டு, பேத்தியோடு சேர்ந்து தலையணை உறையில் அச்சு வைத்துக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அளவு ஜாக்கெட்டை வைத்துப் பேப்பரில் கையின் உருவத்தை வரைந்து வெட்டினேன். சரியாகத்தான் இருந்தது. பட்டை ஒற்றையாக விரித்து, கரை கையின் ஓரத்தில் வருகிற மாதிரி பேப்பரை வைத்து ஒரு கை வெட்டினேன். பேப்பரை அப்படியே பக்கத்தில் நகர்த்தி வைத்து இரண்டாவது கை வெட்டினேன். கத்திரி பட்டில் போகிற சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று தோன்றியது. இரண்டையும் தூக்கி அளவு ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் வைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. கைக்கு முன்பக்க வளைவு ஆழம், பின்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும். ஒரு கைக்கு வைத்த பேப்பரை இன்னொரு கைக்குக் கவிழ்த்துப் போட வேண்டும், அல்லது துணியை மடித்துப் போட்டு வெட்ட வேண்டும். கம்பெனியில் என் மெஷினுக்குக் கை என்ற சாமானே வந்ததில்லை. வெட்டுகிற மேசைப் பக்கம் போய் நின்று அதட்டியிருக்கிறேனே தவிர, அவர்கள் பேப்பரை எப்படித் திருப்புகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. என் முன்னால் இருந்தவை இரண்டும் இடது கை. பட்டைத் திருப்பிப் போட்டால் ஜரிகையின் பின்பக்கம் பல்லிளிக்கும்.

பழைய பேப்பர் கேட்டுச் சம்பந்தியம்மா கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷி அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் கையெல்லாம் வெண்டைக்காய்ச் சாயம். நான் ஏதோ சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ உண்மை.

"சம்பந்திம்மா, எனக்குக் காலர் மட்டுந்தான் தெரியும்."

"இதுவரைக்கும் வேற எதுவுமே தெச்சதில்லையா?"

"இல்ல."

அவர் மறுபடி துணியைப் புரட்டிப் பார்த்தார். "முதல் தடவைக்கு நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க. ஓரம் பிசிறே இல்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு வழியும் சொன்னார். புடவையின் உள்முனை, கட்டும்போது இடுப்பில் முதலில் செருகி மறைந்துபோகிற பக்கம், அதிலிருந்து ஒரு முழம் எடுத்தால் கரையோடு வலது கை கிடைக்கும்; வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு உயிர் வந்தது. "அவ சாயந்திரந்தான் வருவா. இப்பவே வெட்டிடலாம்" என்று பீரோப் பக்கம் திரும்பினேன்.

"அது முடியாதுண்ணா. புடவை அவங்களுது. அவங்ககிட்ட சொல்லாம அதுல கத்திரி வெக்க நான் விட மாட்டேன்."

"நீங்க குடுத்த புடவைதானே?"

"குடுத்துட்டேனே. இப்ப அவங்களுது."

அவ்வளவுதான். கெஞ்சிப் பார்த்தேன். பிள்ளையைப் பெற்றவனின் மிடுக்கையும் கொஞ்சம் காட்டிப் பார்த்தேன். டெலிபோன் ஆபீசில் எத்தனை பேருடைய மிடுக்கைக் கேட்டவரோ, அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பட்டில் ஒரு துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அம்பத்தூரில் கடைகடையாக ஏறி இறங்கினேன். அரக்கு இருந்த இடத்தில் பச்சைக் கரை இல்லை, பச்சைக் கரை இருந்தது பட்டு இல்லை. ஒரு கடைப் பையன், "பெருசு, இந்த கலரு வேற எங்கயும் கெடிக்காது. ஊட்டுல யாருக்கும் தெரியறதுக்குள்ள புதுப் பொடவையே எடுத்துக் குட்துடு" என்று எனக்கு யோசனை வேறு சொன்னான். அறுபது மெஷின் முதலாளியான நான் துணுக்கைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.

திரும்பி வந்தபோது ஹாலில் இரண்டு பேரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சின்னச் சின்னக் கண்ணாடி வில்லைகளைத் துணியில் வைத்துச் சுற்றிலும் நூல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். "இருங்க சம்பந்திம்மா" என்றேன். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை. இரண்டு இடது கையையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் முதலில் கேட்டது ஜாக்கெட்டைப் பற்றி இல்லை.

"அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப போட்டுகினு வந்தியே, அந்தச் சட்ட?"

"காலர் மட்டும் நான்."

"மிச்சம்?"

"மிச்சத்த ஒரு பதினாலு பேரு தெச்சாங்க."

"பதினாலு பேர நம்பியா நான் கய்த்த நீட்னேன்?"

சம்பந்தி எதிரில் என்னை 'அவரு இவரு' என்று மட்டுமே சொல்கிறவள், அன்றைக்கு முதல்முறையாக 'நீ' என்றாள். அவரைக்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். மத்தியானச் சோற்றை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி அறைக்குள் போய்விட்டாள். கடன்காரன் வாசலில் நின்றபோதும், சரக்கு கப்பல் ஏறாமல் திரும்பி வந்தபோதும் நிமிர்ந்து நின்றவன் நான். அன்றைக்கு மெஷின் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலித்தது ஜாக்கெட் கெட்டது இல்லை. அந்தச் சட்டையை அவள் இத்தனை வருஷம் மனசில் மடித்து வைத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சொன்ன ஆயிரம் பெருமையில் அவள் நம்பிப் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது. சம்பந்தியம்மா என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, அவளிடம் போய்ப் பேசவும் இல்லை. தன்பாட்டுக்குக் கண்ணாடி வில்லை தைத்துக்கொண்டிருந்தார். ஒன்று கட்ட, ஒன்று உதிர்ந்தது.

சாயந்திரம் காபி நேரத்தில் அவள் வந்தாள். ஒரு கையில் புடவை, இன்னொரு கையில் கத்திரி. கத்திரியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எங்க வெட்டணும்? கோடு போட்டுக் காட்டு. நீ வெட்ட வாணாம், நானே வெட்டிக்கிறேன். நான் குள்ளந்தான், ஒரு மொழம் போனா கொறஞ்சிட மாட்டேன்."

சம்பந்தியம்மா சாக்கட்டியால் கோடு போட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, புதுப் புடவையில் தன் கையாலேயே வெட்டினாள். வலது கைக்குப் போக நல்ல துண்டு மிஞ்சியது. அதைத் தூக்கி என் மடியில் போட்டாள். "கழுத்த இன்னும் வெட்டலதானே? உனுக்குத் தெரிஞ்சது காலருதானே? வெய்யி. எனுக்குக் காலர வெச்சித் தெய்யி" என்றாள். நான் கேலி என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. "காலர் வெச்ச ஜாக்கெட்டு இப்ப நெறையப் பேரு போடறாங்க, என் பொண்ணு செல்லுல காட்டினா" என்று சம்பந்தியம்மா சாட்சி சொன்னார்.

சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில், கம்பெனியில் துணி கைமாறிப் போகிற மாதிரி, ஒரு லைன் ஓடியது. ஜன்னலோர மெஷினின் உறையை எடுத்து எண்ணெய் விட்டேன். உடம்புப் பாகத்தைச் சம்பந்தியம்மா வெட்டி இணைத்தார். அவருக்கு ஜாக்கெட் வேலை சுமாராகத் தெரியும். தோள்பட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தது, அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், அப்படியே விட்டோம். கைகளை அவர் பொருத்தும்போது ஒவ்வொரு கையையும் என்னிடம் காட்டி, "இது எந்தக் கை?" என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். காலர் என்னுடையது. எத்தனையோ வருஷம் கழித்து என் கால் மிதியில் விழுந்தது. விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. பட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிற துணி, பருத்தி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. இருந்தும் முனை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அரை நூல் விலகவில்லை. கடைசியில் கொக்கியும் காஜாவும் என் வீட்டுக்காரியின் வேலை. துணி என்னிடமிருந்து அவளிடம் போகும்போது அவள் காலரை நடுவில் மடித்து, முனையை முனையோடு வைத்துப் பார்த்தாள். அந்தச் சோதனையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் வீட்டில் அளந்த பெருமைகளையெல்லாம் கேட்டுக்கேட்டே அவளுக்கு அது பழகியிருந்தது.

மிஞ்சிய இன்னொரு இடது கையைச் சம்பந்தியம்மா அன்று சாயந்திரம் என்னிடம் கேட்டார். "எடுத்துக்கட்டுமா? பேரு போட மாட்டேன், நாள் மட்டும்" என்றார். சரி என்றேன். பேர் வேண்டாம் என்று நானும் ஒரு தடவை அழுத்திச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீல் என்று கத்தினாள். அவளைப் பார்க்க வேண்டிய பெண்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரியைத்தான் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டியவள், அரக்குப் பட்டு, கழுத்தில் நிமிர்ந்து நிற்கிற காலர். நடையே மாறியிருந்தது. ஒருத்தி கிட்ட வந்து, "எங்க தெக்கக் குட்த இத? எந்தக் கட?" என்று காலரைத் தொட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 'எல்லாம் அவரே தைத்தார்' என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். என் குணம் எனக்குத் தெரியும். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "காலரு மட்டும் இவரு. மிச்சத்த நாங்க பாத்துக்கினோம்." கூட்டம் என்னை மரியாதையாகப் பார்த்தது. நான் சம்பாதித்த பெருமையிலேயே கலப்படம் இல்லாதது அதுதான். கொஞ்ச தூரத்தில் சம்பந்தியம்மா கண்ணாடி கழுத்தில் தொங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வருஷம் தவறாமல் ஒரு வாரம் வந்து தங்கினார். வருகிறபோதெல்லாம் சுருள் பருத்துக்கொண்டே போனது. எந்த வேலையிலும் அவர் பெரிய கைகாரி ஆகவில்லை. ஆகிற எண்ணமும் இருந்ததில்லை. ஒன்று கொஞ்சம் வசப்பட்டதும் அடுத்ததற்குப் போய்விடுவார். போன வருஷம் நாலு நாள் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆவடி வீட்டை ஒழிக்கப் போன மருமகள், பாத்திரம் பண்டத்தையெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு இந்தச் சுருளை மட்டும் கொண்டுவந்தாள். "அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லியிருந்தாங்க, மாமா" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இப்போது எங்கள் கம்பெனியில் மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வேலை செய்கிற பெண்கள் மிஞ்சிய துணியை எடுத்து, வெட்டுவது முதல் பட்டன் வரைக்கும் ஒரு ஆளாகவே தனக்கு ஒன்று தைத்துக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறு எவனாவது இப்படிச் செய்கிறானா என்று விசாரித்துப் பாருங்கள், கிடையாது. "ப்ரொடக்‌ஷன் என்னப்பா ஆகறது?" என்று பையன் முகம் சுளித்தான். "நான் உண்டாக்கின கம்பெனியில ஒரு மத்தியானம் எனக்குக் கிடையாதாடா?" என்றேன். ஒன்பது வருஷமாகக் கைப்பட்டி மட்டுமே தைத்த ஒரு பெண் தனக்கு ஒரு குர்தா தைத்தாள். பாக்கெட்டின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. அழுகிற மாதிரி நின்றவளிடம் இந்தச் சுருளை விரித்து, அரக்குப் பட்டுக் கையைக் காட்டி, "இது நான் பண்ணது. ரெண்டும் இடது கை" என்றேன். முதலாளி சொல்கிறாரே என்று முதலில் சிரிக்கத் தயங்கினார்கள். பிறகு மெஷின் சத்தத்துக்கு மேல் சிரித்தார்கள். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது அன்றோடு அறுபது பேருக்குத் தெரிந்துபோனது.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கைக்குக் கீழே, 'வியாழன்' என்று அவர் போட்டிருந்ததற்குப் பக்கத்தில், சங்கிலித் தையலில் என் பெயரைப் போட்டேன். நாலு எழுத்துப் பெயருக்கு மூன்று நாள் ஆயிற்று. அறுபது மெஷினுக்குச் சம்பளக் கையெழுத்துப் போட்ட விரல், ஒரு சுழிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. முடிந்ததும் என் வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"கடைசி எழுத்து கோணிகினு கீதே. பிரிச்சிட்டு திரும்பப் போடு."

பிரிக்கவில்லை. கீழே தேதி போட்டுச் சுருட்டி வைத்தேன்.